திங்கட்கிழமை காலையில் மாறிப்போகும் எண்

கலவை எந்திரத்தை இயக்குபவரிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. சனிக்கிழமை மாலை மெயின் சுவிட்சை அணைப்பதற்கு முன் பேனல் திரையில் தெரியும் எண்களை அதில் எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை காலை எந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் நோட்டைப் பிரித்துவைத்து, மாறியிருக்கும் எண்களையும் அதில் குறித்துவிட்டு, திரையில் பழைய எண்களைத் திரும்பப் போடுவார். அதன் பிறகுதான் முதல் கலவை.

மூன்று வாரங்களாகத் திரையில் எல்லா எண்களும் பூஜ்ஜியமாகிவிடுகின்றன என்று என்னை அழைத்திருந்தார்கள். நான் கருவிப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "எல்லாமே போய்விடுகிறது தம்பி. முன்பெல்லாம் மூன்று எண்கள்தான் போகும். அவற்றை நானே போட்டுக்கொள்வேன்."

"மூன்று எண்கள் எவ்வளவு காலமாகப் போகின்றன, அண்ணா?"

"நான் இந்த எந்திரத்துக்கு வந்த நாளிலிருந்து. அது இதன் வழக்கம்."

அந்தப் பதிலைக் கேட்டிராவிட்டால், ஒரு பேட்டரியை மாற்றிவிட்டு அன்று மாலையே கிளம்பியிருப்பேன். மூன்று எண்கள் மட்டும் தொலைவதற்குப் பேட்டரி காரணமாக இருக்க முடியாது. பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போக வேண்டும். இருந்தால் எதுவும் போகக் கூடாது.

எந்திரம் எளிமையானது. இரண்டு திரவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டமானி, ஒரு கலக்கும் தொட்டி, எல்லாவற்றையும் நடத்த ஒரு சிறிய பிஎல்சி, அதாவது எந்திரங்களை இயக்கும் கண்ட்ரோலர் கணினி. ஒரு ஸ்கேன், அதாவது புரோகிராமை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டுவது, சுமார் 10 மில்லி விநாடி. கண்ட்ரோலருக்குள் இரண்டு வகை நினைவகம். புரோகிராம் ஓடும்போது மாறிகள், அதாவது அது கையாளும் எண்கள், வசிப்பது எஸ்ராமில். அது வேகமானது, எத்தனை கோடி முறை எழுதினாலும் தேயாது, ஆனால் மின்சாரம் நின்ற கணத்தில் எல்லாம் மறந்துவிடும். அதனால் அதன் ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு லித்தியம் பேட்டரி முட்டுக்கொடுக்கிறது. இரண்டாவது ஈஈப்ராம். மின்சாரமோ பேட்டரியோ இல்லாமலே பல ஆண்டுகள் தாங்கும், ஆனால் எழுதுவதற்கு நேரம் எடுக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் கொஞ்சம் தேயும். இதில் புரோகிராம் இருக்கிறது. தரவுக்கென்று ஒதுக்கிய சிறிய இடம் ஒன்றும் உண்டு; அதை இந்த எந்திரத்தில் யாரும் தொட்டதே இல்லை.

எதையும் தொடுவதற்கு முன் புரோகிராமை மடிக்கணினிக்கு எடுத்தேன். புரோகிராமை மட்டும் எடுத்தால் போதாது. ரெஜிஸ்டர்களில், அதாவது எஸ்ராமில் எண்கள் இருக்கும் முகவரியிட்ட இடங்களில், அந்த நிமிடம் இருக்கும் மதிப்புகளைத் தனிக் கோப்பாக எடுக்க வேண்டும். புரோகிராம் ஆயிரம் வரிகள் இருந்தாலும் யாரிடமாவது நகல் கிடைக்கலாம். ஓட்டமானியின் அளவுத்திருத்த எண் அந்த எஸ்ராமைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். இங்கே அந்த நோட்டு இருந்தது. எல்லா இடத்திலும் நோட்டு இருக்காது.

எடுத்த புரோகிராமில் பெயர்கள் வரவில்லை. பழைய சிறிய கண்ட்ரோலர்களில் மாறிகளின் பெயர்களும் குறிப்புகளும் எழுதியவருடைய கணினியிலேயே தங்கிவிடும்; கண்ட்ரோலருக்குள் வெறும் முகவரிகள்தான். ரெஜிஸ்டர் 140 என்ன, 270 என்ன என்று லேடரை (பிஎல்சி புரோகிராம் எழுதும் வரைபட மொழி) படித்தும், திரையில் ஓர் எண்ணை மாற்றி எந்த ரெஜிஸ்டர் அசைகிறது என்று பார்த்தும் பட்டியல் போட வேண்டியிருந்தது. அதற்கே ஒரு முழு நாள் ஆனது.

பேட்டரி

புதுக் கோளாறு பேட்டரியால்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நிரூபிக்கும்போது பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கழற்றிய பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தபோது 3.58 வோல்ட் காட்டியது. பெயரளவு மதிப்பு 3.6. உதவிக்கு வந்திருந்த எலெக்ட்ரீஷியன், "பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார்.

லித்தியம் தயோனைல் குளோரைடு மின்கலத்தின் குணம் இது. வாழ்நாளின் பெரும்பகுதி வோல்டேஜ் ஒரே மட்டத்தில் நிற்கும். கடைசியில் சட்டென்று சரியும். சுமை இல்லாமல் அளந்தால் கிட்டத்தட்டத் தீர்ந்த மின்கலமும் நல்லதுபோலவே தெரியும். 1 கிலோஓம் மின்தடையைக் குறுக்கே வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். நெடுநாள் சும்மா கிடந்த மின்கலத்தில் லித்தியத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். சுமை கொடுத்ததும் வோல்டேஜ் முதலில் இறங்கி, படலம் உடைந்ததும் மெல்ல ஏறும். இது ஏறவே இல்லை. 2.9, 2.5, 2.1 என்று இறங்கிக்கொண்டே போனது. வாரம் முழுவதும் சுமையில்லாமல் இருந்து கொஞ்சம் தேறிக்கொள்ளும். சனி இரவிலிருந்து எஸ்ராமைச் சுமக்கத் தொடங்கினால் திங்கள்வரை தாங்காது.

பேட்டரியை மாற்றும்போது கண்ட்ரோலருக்கு மின்சாரம் இருக்க வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால், உள்ளே இருக்கும் மின்தேக்கி ஒரு சில நிமிடங்கள்தான் தாங்கும். பேனல் கதவைத் திறந்து, மின்சாரம் ஓடும் முனையங்களுக்கு அருகில் கைவைக்கும் வேலை என்பதால், பக்கத்து முனையங்களைக் காப்புத் தகட்டால் மூடிவிட்டுத்தான் தொட்டேன். புதிய பேட்டரியின் மேல் தேதியை எழுதி ஒட்டினேன்.

பேட்டரி பலவீனமானால் இந்த கண்ட்ரோலர் ஓர் எச்சரிக்கை பிட்டை (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் நினைவக இடம்) இயக்குகிறது. பேனலுக்குள் ஒரு சிறிய சிவப்பு விளக்கும் எரிகிறது. பேனல் கதவு எப்போதும் மூடியிருக்கும். அந்த பிட்டை புரோகிராமில் யாரும் பயன்படுத்தவில்லை. எத்தனை மாதம் அந்த விளக்கு இருட்டுக்குள் எரிந்துகொண்டிருந்ததோ. அந்த பிட்டைத் திரையின் அலாரத்தோடு இணைத்தது ஒரே ஒரு வரி லேடர்.

மூன்று எண்கள்

பேட்டரியை மாற்றிய பிறகு எந்திரத்தை அணைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, மீண்டும் இயக்கினேன். நோட்டில் சொல்லியிருந்தபடியே மூன்று எண்கள் மாறியிருந்தன. தாழ்மட்ட எல்லை பூஜ்ஜியம். கலக்கும் நேரம் 45 விநாடியிலிருந்து 30 விநாடி. முதல் ஓட்டமானியின் திருத்தக் காரணி 1.0347இலிருந்து 1.0312.

முதல் எண்ணுக்குக் காரணம் உடனே தெரிந்தது. இந்த கண்ட்ரோலரில் ரெஜிஸ்டர் 256 முதல்தான் பேட்டரி காக்கும் பகுதி. தாழ்மட்ட எல்லை 140இல் இருந்தது. பிற்பாடு சேர்த்த யாரோ காலியாக இருந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை உறுத்தியது அதன் விளைவு. தொட்டியில் திரவம் எல்லைக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும். எல்லையே பூஜ்ஜியமாகிவிட்டால் அலாரம் ஒருபோதும் அடிக்காது, எந்திரம் வாய்பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் நோட்டைப் பார்த்துத் திருத்த மறந்த ஒரு திங்கட்கிழமை பம்ப் வறண்டு ஓடியிருக்கும்.

கலக்கும் நேரம் 270இல் இருந்தது, பாதுகாப்பான பகுதிதான். ஆனால் புரோகிராமின் தொடக்கத்தில், முதல் ஸ்கேனில் மட்டும் இயங்கும் பிட்டின் கீழ், 270க்குள் 30ஐப் போடும் ஒரு வரி இருந்தது. எந்திரத்தை முதன்முதலாக நிறுவியவர் வெறும் நினைவகத்தில் ஏதாவது ஓர் எண் இருக்கட்டும் என்று எழுதியிருப்பார். நல்லெண்ணம்தான். ஆனால் முதல் ஸ்கேன் என்பது எந்திரம் பிறந்த நாள் அல்ல. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் முதல் ஸ்கேன் வரும். பேட்டரி இரண்டு நாள் பத்திரமாகக் காத்துக் கொடுத்த 45ஐ இந்த ஒரு வரி முதல் 10 மில்லி விநாடிக்குள் அழித்துவிட்டது.

மூன்றாவது எண்ணுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பூஜ்ஜியமும் ஆகவில்லை, பழைய இயல்பு மதிப்புக்கும் போகவில்லை. 1.0347 ஏன் 1.0312 ஆக வேண்டும்? நோட்டில் பின்னோக்கிப் புரட்டினேன். வாரந்தோறும் அதே 1.0312. அளவில் சுமார் 0.3 சதவீத வித்தியாசம். "இரண்டு நாள் குளிர்ந்து கிடப்பதால் மானி இறங்கிவிடுகிறது என்று சொல்வார்கள்" என்றார் அவர். மானி இறங்கினால் அளவு மாறும். திரையில் நாம் எழுதிவைத்த காரணி எதற்கு மாறுகிறது?

ரெஜிஸ்டர்களை நேரடியாகப் பார்த்தேன். திருத்தக் காரணி தசம எண் என்பதால் 32 பிட் தேவை. ஒரு ரெஜிஸ்டர் 16 பிட்; ஆகவே அடுத்தடுத்த இரண்டை எடுத்துக்கொள்கிறது. எழுதியவர் 251, 253, 255 என்று வரிசையாக ஒதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இந்தக் காரணி 255இல் தொடங்குகிறது. அதாவது கீழ்ப்பாதி 255இலும் மேல்பாதி 256இலும் இருக்கின்றன. எல்லைக்கோடு சரியாக நடுவில் விழுந்திருக்கிறது.

1.0347ஐ எழுதியதும் 255இல் 28941, 256இல் 16260. அணைத்து இயக்கியதும் 255இல் 0, 256இல் அதே 16260. கணினி தசம எண்ணை வைத்துக்கொள்ளும் வடிவமான மிதவைப்புள்ளி எண்ணின் குறியும் அடுக்கும் மதிப்பின் முன்பகுதியும் மேல்பாதியில் இருப்பதால், கீழ்ப்பாதியை வெட்டி எறிந்தாலும் எண் முழுவதுமாகச் சிதைவதில்லை, கொஞ்சம் குறைகிறது. மிஞ்சுவது துல்லியமாக 1.03125. திரை நான்கு தசம இடங்களோடு வெட்டிவிடுவதால் 1.0312. அந்த இரண்டு ரெஜிஸ்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினேன். பேசாமல் நோட்டை எடுத்து, 1.0312 என்று எழுதியிருந்த ஒவ்வொரு வரியின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

இந்த வகைப் பிழைதான் எனக்கு மிகவும் அஞ்சத்தக்கதாகப் படுகிறது. பூஜ்ஜியம் ஆகியிருந்தால் முதல் வாரமே எந்திரம் நின்று, காரணம் தேடியிருப்பார்கள். நம்பத்தக்கதாக இருக்கும் தவறான எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. மானியின் மேல், குளிரின் மேல், திரவத்தின் மேல் பழி போகிறது.

2,62,144

நோட்டைப் புரட்டும்போதே இன்னொரு பத்தி கண்ணில் பட்டது: முதல் திரவத்தின் மொத்த அளவு, லிட்டரில். பேட்டரி தீர்வதற்கு முன் பல வாரங்களாக ஒரே எண் எழுதியிருந்தது. 2,62,144. அவர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

இந்த எண்ணைப் பார்த்தால் புரோகிராம் எழுதுபவர்களுக்கு மனதில் மணி அடிக்கும். 2ஐ 18 முறை தன்னோடு பெருக்கினால் வருவது. இயற்கையாக நின்ற மொத்தம் இவ்வளவு வட்டமான இரும எண்ணாக இருக்காது.

ஓட்டமானி 0.01 லிட்டருக்கு ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின்துடிப்பு, தருகிறது. புரோகிராம் ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு 32 பிட் மிதவைப்புள்ளி மாறியோடு 0.01 கூட்டுகிறது. அந்த மாறியில் மதிப்புக்கென்று இருப்பது 24 பிட்தான். மொத்தம் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான படி அகலமாகிறது. 2,62,144இல் படி 0.03125. அதோடு 0.01ஐக் கூட்டினால் பாதிப்படிகூட ஏறாததால் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். எத்தனை பல்ஸ் வந்தாலும் நகராது.

நின்றது ஒரு பிழை என்றால், நிற்பதற்கு முன் நடந்தது இன்னும் மோசம். 65,536க்கும் 1,31,072க்கும் இடையில் படி 0.0078125. 0.01ஐக் கூட்டினால் பக்கத்துப் படிக்கு உருண்டு 0.0078தான் ஏறும், அளவு 22 சதவீதம் குறைவாகக் காட்டும். 1,31,072ஐத் தாண்டியதும் படி 0.015625, இப்போது ஒவ்வொரு 0.01க்கும் 0.0156 ஏறும், 56 சதவீதம் கூடுதல். நோட்டில் வாராந்தர வித்தியாசங்களைக் கழித்துப் பார்த்தோம். தொடக்கத்தில் வாரத்துக்கு 6,200 லிட்டர் அளவில் ஓடிய எந்திரம், பிற்பாடு பல வாரங்கள் 4,800ஐ ஒட்டியும், பிறகு 9,700ஐ ஒட்டியும் ஓடியதாக எழுத்து சொல்கிறது. உற்பத்தி ஒரே அளவில்தான் இருந்தது. இடையில் ஏதோ கசிவு என்று குழாய்களை எல்லாம் பிரித்துப் பார்த்ததாக அவர் சொன்னார்.

நினைவகம் ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணை ஒரு பிட் பிசகாமல் காத்துக் கொடுத்திருக்கிறது. காக்கப்பட்ட எண்தான் தவறு. தீர்வு சுலபம்: மொத்தத்தை 32 பிட் முழு எண்ணாக, பல்ஸ் கணக்கில் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் 100ஆல் வகுப்பது. 2,14,74,83,647 பல்ஸ் வரை போகும். இந்த எந்திரத்தின் வேகத்தில் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எது நினைவில் இருக்க வேண்டும்

இதற்குப் பிறகு கிடைத்த இடத்தில் ஒட்டுப்போட்டு முடிக்க மனம் வரவில்லை. ஒரு பெரிய தாளில் எல்லா மாறிகளையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: மின்சாரம் போய்த் திரும்பி வரும் கணத்தில் இது என்ன மதிப்பில் இருக்க வேண்டும்? பக்கத்தில் அவர் இருந்தது பெரிய உதவி. திருத்தக் காரணிகள், எல்லைகள், கலவை விகிதங்கள், மொத்தங்கள், ஓடிய மணிக்கணக்கு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. டைமர்களின் இடைமதிப்புகள், திரைப் பக்க எண் போன்றவை போகலாம்.

"தானியங்கி ஓட்டம்" என்ற பிட்டுக்கு வந்தபோது அவர் சொன்னார்: "மின்சாரம் போய் வந்தால் கலக்கி தானாகவே சுற்ற ஆரம்பிக்கும் தம்பி. அதனால் மின்சாரம் போனதும் நான் முதலில் கையை வெளியே எடுத்துவிடுவேன்."

எழுந்து போய் முகவரியைப் பார்த்தேன். பேட்டரி காத்துத் தக்கவைக்கும் பகுதியில் இருந்த உள்ரிலே, அதாவது புரோகிராமுக்குள் சுவிட்சுபோல வேலை செய்யும் பிட், அது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் செட் ஆகும். ஸ்டாப் அழுத்தும்வரை போகாது. மின்சாரம் போனாலும் போகாது. ஓர் எல்லை எண்ணை மறந்துவிட்ட அதே புரோகிராம், மறந்தே ஆக வேண்டிய இயக்கக் கட்டளையைப் பேட்டரி வைத்துப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. எந்திரங்களின் மின்கருவிகளுக்கான ஐஇசி 60204-1 தரநிலை இதைத் தெளிவாகவே சொல்கிறது: மின்சாரம் திரும்பியதும் எந்திரம் தானாக மறுபடி ஓடுவது ஆபத்தாகுமானால், அது தடுக்கப்பட வேண்டும். அன்று மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதை முதலில் மாற்றினேன். இயக்க பிட்டையும் அதனோடு சேர்ந்த படிநிலை எண்ணையும் தக்கவைக்காத பகுதிக்குக் கொண்டுவந்தேன். மின்சாரம் வந்தால் இனி எந்திரம் காத்திருக்கும். ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும்.

பாதியில் நின்ற கலவை என்ன ஆவது என்பது அடுத்த கேள்வி. ஊற்றிய அளவு தெரியாவிட்டால் தொட்டியையே கொட்ட வேண்டும். எனவே "ஊற்றிய அளவு", "கலவை பாதியில் நின்றது" என்ற இரண்டும் நினைவில் இருக்கும். ஓட்டம் மட்டும் இருக்காது. இயக்கும்போது திரை ஊற்றிய அளவைக் காட்டி, தொடரவா, கைவிடவா என்று கேட்கும்.

இந்த வேறுபாட்டை ஒவ்வொரு கண்ட்ரோலரும் தன் வழியில் சொல்கிறது. பிஎல்சி புரோகிராம் மொழிகளுக்கான ஐஇசி 61131-3 தரநிலை 1993இல் வந்தபோதே மாறியை அறிவிக்கும் இடத்தில் ரீட்டெயின் (தக்கவை) என்று குறிக்கும் வசதி இருந்தது. பிஎல்சி புரோகிராம் எழுதும் மென்பொருளான கோடெசிஸில் அதோடு பெர்சிஸ்டென்ட் என்ற இன்னொன்றும் உண்டு: ரீட்டெயின் மின்தடையைத் தாங்கும், ஆனால் புரோகிராமைப் புதிதாக இறக்கினால் தொடக்க மதிப்புக்குப் போய்விடும், பெர்சிஸ்டென்ட் அதையும் தாங்கும். சீமென்ஸ் எஸ்7-1200இல் உகந்ததாக்கப்பட்ட தரவுத் தொகுதி என்றால் ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனியே தக்கவைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்தத் தொகுதியின் அமைப்பை மாற்றி இறக்கினால் நடப்பு மதிப்புகள் தொடக்க மதிப்புகளால் மூடப்படலாம். பெயரால் அறிவிக்கும் இந்த முறையில் 255க்கும் 256க்கும் நடுவே ஓர் எண் இரண்டாகப் பிளக்க வழியே இல்லை. முகவரியைக் கையால் ஒதுக்கும் பழைய கண்ட்ரோலர்களோடு வேலை செய்பவர்கள், தக்கவைப்பு எல்லையின் இரு பக்கமும் சில ரெஜிஸ்டர்களைக் காலியாக விட்டுவிடுவது நல்லது. நான் 250 முதல் 259 வரை எதுவும் வைக்கவில்லை.

ஈஈப்ராமில் இரண்டாவது நகல்

பேட்டரி மறுபடியும் ஒருநாள் தீரும். அமைப்பு எண்கள் மொத்தம் 40 ரெஜிஸ்டர்களுக்குள் அடங்கிவிட்டதால், ஈஈப்ராமில் சும்மா கிடந்த தரவு இடத்தில் அவற்றின் நகலை வைக்கத் தீர்மானித்தேன்.

கையேட்டின்படி ஒரே இடத்தில் 1,00,000 முறை எழுதலாம். பெரிய எண்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் எழுதினால், 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் 1,000 விநாடி, அதாவது 17 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே எந்தெந்த நேரத்தில் எழுத வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்தேன்: திரையில் ஓர் அமைப்பை மாற்றிச் சேமிக்கும்போது ஒரு முறை, ஒவ்வொரு கலவை முடியும்போதும் மொத்தங்களோடு ஒரு முறை. நாளுக்கு 20 கலவைகள் என்றாலும் பத்தாண்டுகளுக்கு மேல் தாங்கும். எத்தனை முறை எழுதினோம் என்று எண்ணும் ஒரு கவுண்டரையும் பக்கத்திலேயே வைத்தேன்.

அந்தக் கவுண்டர் முதல் சோதனையிலேயே பலன் தந்தது. தண்ணீரை வைத்து ஒரு கலவை ஓட்டினேன். கவுண்டர் 1 காட்டியிருக்க வேண்டும். 312 காட்டியது. "கலவை முடிந்தது" பிட் மூன்று விநாடி எரிந்துகொண்டிருக்கும். எழுதும் கட்டளையை நான் அந்த பிட்டின் கீழ் அப்படியே வைத்துவிட்டதால், அது எரிந்த ஒவ்வொரு ஸ்கேனிலும் எழுதியிருக்கிறது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கவுண்டர் இல்லாமல் விட்டிருந்தால் சில வாரங்களில் அந்த இடம் தேய்ந்து, நான் கிளம்பிப் போன பிறகு எண்கள் பழுதாகியிருக்கும். பிட் மேலேறும் கணத்தில் மட்டும் இயங்கும்படி மாற்றினேன். அடுத்த கலவையில் 313.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால்? பாதி புதிது, பாதி பழையது என்று ஒரு நகல் மிஞ்சும். 255, 256 கதைதான் மறுபடியும். அதனால் இரண்டு இடங்கள். மாறிமாறி எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண், பிறகு தரவு, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். தொடக்கத்தில் சரிபார்ப்பு தேறும் நகல்களில் வரிசை எண் பெரியதாக உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று பாதியில் சிதைந்தாலும் மற்றது முழுமையாக இருக்கும்.

சரிபார்ப்பு எண்ணுக்கு வெறும் கூட்டல் போதும் என்று தொடங்கினேன். பிறகுதான் உறைத்தது: எல்லாம் பூஜ்ஜியமாக இருக்கும் ஒரு வெற்று இடத்தின் கூட்டுத்தொகையும் பூஜ்ஜியம், அது "சரியான நகல்" என்று தேறிவிடும். எனவே சிஆர்சி-16 என்ற வேறொரு சரிபார்ப்புக் கணக்குக்கு மாறி, தொடக்க மதிப்பை 65535 ஆக வைத்தேன். அதற்கும் மேலே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரம்பு. திருத்தக் காரணி 0.9க்கும் 1.1க்கும் இடையில் இருக்க வேண்டும். தாழ்மட்ட எல்லை பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது. வரம்பைத் தாண்டினால் எந்திரம் இயங்காது, எந்த எண் என்று திரையில் சொல்லி நிற்கும். இயல்பு மதிப்பைப் போட்டுக்கொண்டு ஓடட்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த 30 விநாடி வரியை எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

சோதனைக்கு, எழுதும் கட்டளையை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப இயக்கிக்கொண்டு, கண்ட்ரோலரின் 24 வோல்ட் இணைப்பை நினைத்த நேரத்தில் துண்டித்தேன். 25 முறை. 23 முறை இரண்டு நகல்களும் நன்றாக இருந்தன. இரண்டு முறை ஒன்று சிதைந்து, மற்றதிலிருந்து எண்கள் வந்தன. அந்த இரண்டு முறைக்காகத்தான் இவ்வளவும். பிறகு பேட்டரியைக் கழற்றி, கண்ட்ரோலரை ஒரு மணி நேரம் அணைத்துப்போட்டேன். எஸ்ராம் முழுக்கக் காலியாகி, ஈஈப்ராமிலிருந்து அத்தனையும் திரும்பியது. பேட்டரி இல்லை என்ற அலாரமும் திரையில் வந்தது.

கடைசியாகப் புதிய புரோகிராமை இறக்கும்போது மென்பொருள், ரெஜிஸ்டர் மதிப்புகளையும் சேர்த்து எழுதவா என்று கேட்கிறது. அந்தக் கட்டத்தில் இயல்பாகவே டிக் இருக்கிறது. அதை நீக்கினேன். இல்லாவிட்டால் என் மடிக்கணினியில் இருந்த போன வாரத்து எண்கள் இன்றைய எண்களை மூடியிருக்கும்.

சனிக்கிழமை மாலை அவர் வழக்கம்போல எழுதிக்கொண்டு மெயினை அணைத்தார். திங்கள் காலை ஏழு மணிக்கு நானும் போயிருந்தேன். மின்சாரம் வந்தது; கலக்கி அசையவில்லை. அவர் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படிக்க, நான் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1.0347. 45. தாழ்மட்ட எல்லை 120. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, அவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார்.

கட்டடத்தின் மறுகோடியில் இதே புரோகிராமோடு இரண்டாவது எந்திரம் ஒன்று ஓடுகிறது. அதை இயக்குபவரிடம் நோட்டு இல்லை. வரும் சனிக்கிழமை அதன் பேனலைத் திறக்கிறேன். இயக்க பிட்டின் முகவரியை முதலில் பார்க்க வேண்டும், பிறகு 255ஐ.